போறணை வேண்டாத பண்டம்

அரசர்களின் போர்களும் உடன்படிக்கைகளும் ஏடுகளில் எழுதப்படுகின்றன. அடுக்களையிற் பிறந்து விருந்தோடு மறையும் தின்பண்டங்களின் கதையை எழுதிவைப்போர் சிலரே. ஆயினும் ஒரு நாட்டுக்கு யார் யார் வந்தனர், எதை விற்றனர், எதைக் கொண்டனர், எவரோடு எவர் அமர்ந்து உண்டனர் என்பவற்றை அறிய விரும்புவோர்க்கு உணவுத் தட்டைப்போல் உண்மை பேசும் சான்று வேறில்லை. கொழும்பு வீடுகளில் நோன்புக் காலத்திலும் விருந்து நாளிலும் செய்யப்படும் கடற்பாசி அத்தகைய சான்றுகளுள் ஒன்று.

நகரின் வடகிழக்கில், களனி ஆற்றுக்குத் தெற்கே, பேஸ்லைன் வீதியை அவிசாவளைப் பக்கமாகச் செல்லும் பழைய வீதி சந்திக்கும் இடம் ஒருகொடவத்தை. துறைமுகத்தில் இறங்கிய கொள்கலன்களைச் சுங்கத் திணைக்களத்தார் சோதிக்கும் முற்றங்கள் இங்கே உள்ளன. பாரவண்டிகளின் இரைச்சல் ஓயாத இவ்விடத்தைச் சூழ்ந்து, கிராண்ட்பாஸ், தெமட்டகொடை, வெல்லம்பிட்டி ஆகிய பகுதிகளில், முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் சுவரோடு சுவர் நெருங்கிய வீடுகளில் வாழ்கின்றனர். அவ்வீடுகளில் அடுப்பு உண்டு. போறணை பெரும்பாலும் இல்லை. போறணை என்னும் சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். பாணும் கேக்கும் போறணையின் பிள்ளைகள். போறணை இல்லாத வீட்டார் விருந்தினர்க்கு இனிப்புச் செய்ய நினைத்தால் இரண்டு வழிகளே எஞ்சும். ஒன்று ஆவியில் அவிப்பது. மற்றது காய்ச்சி ஊற்றி உறையவைப்பது. முதல்வழியின் முடிமணி வட்டலப்பம். இரண்டாம் வழியின் முடிமணி கடற்பாசி.

செடிக்கும் பண்டத்துக்கும் பெயர் ஒன்றே. கடைகளில் அது வெண்மையான கீற்றுகளாகவோ மாவாகவோ விற்கப்படும். காய்ச்சி ஊற்றினால், கீழே பால்வெண்மையான படையும் மேலே செம்மையோ பச்சையோ தோய்ந்து ஒளிபுகும் படையுமாக உறையும். சாய்சதுரமாக வெட்டித் தட்டில் அடுக்கும்போது இரு படைகளும் பிரியாமல் ஒன்றாக எழ வேண்டும். அதுவே செய்தவரின் கைத்திறனுக்கு அளவுகோல்.

இப்பண்டத்தின் மூலப்பொருளைத் தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் இடையே நீண்டு கிடக்கும் களப்பிலும், மன்னார், யாழ்ப்பாணம், திருகோணமலை ஆகிய கரைகளின் ஆழமற்ற நீரிலும் கிரசிலாரியா என்னும் இனத்தைச் சேர்ந்த செம்பாசி இயற்கையாக வளர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மருந்துநூலார் இதனைச் ‘சிலோன் மொஸ்’ என்றும் ‘யாழ்ப்பாண மொஸ்’ என்றும் குறித்தனர். தென்மேற்குப் பருவக்காற்று களப்பு நீரைக் கலக்கும்போது பாசி தானே வேரறுந்து மிதக்கும். கரையோர மக்கள் அதனைத் திரட்டிப் பாய்களிற் பரப்பி இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்துவர். பின்னர் நன்னீரிற் பலமுறை அலசி மீண்டும் வெயிலில் இடுவர். அலசுந்தோறும் உப்பு நீங்கும். காயுந்தோறும் நிறம் வெளுக்கும். இறுதியிற் கிடைப்பது எலும்புபோல் வெளுத்த நார்.

இந்த நாரைக் காய்ச்சிய கஞ்சியும் களியும் நோயாளருக்கும் குழந்தைகளுக்கும் ஏற்ற மெல்லுணவாகக் கருதப்பட்டன. கல்கத்தாவில் மருத்துவராயிருந்த ஓ’ஷாக்னெசி 1830களில் இப்பாசியை ஆங்கில மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொணர்ந்தார். 1840இல் சிக்மண்ட், ஃபார் என்னும் இரு மருத்துவர்கள் இதனைப் பற்றியே இலண்டனில் ஒரு சிறுநூலை வெளியிட்டனர். களப்புக்கரைப் பெண்டிர் பாய்களில் உலர்த்திய பாசி இவ்வாறு இலண்டன் மருந்துக்கடை வரை சென்றது. பெயர் பெற்றது நாடு; பாசி திரட்டிய கைகளின் பெயரை எந்த நூலும் குறிக்கவில்லை.

மருந்தாக இருந்த களி விருந்தாக மாறியது எவ்வாறு? அதற்கு விடை கூறக் கிழக்கே நோக்க வேண்டும். உலகமெங்கும் இன்று வழங்கும் ‘அகர்-அகர்’ என்பது மலாய்ச் சொல். ஒல்லாந்தர் 1656இல் கொழும்பைக் கைப்பற்றிய பின்னர், யாவா முதலிய தீவுகளிலிருந்து போர்வீரர், நாடு கடத்தப்பட்ட இளவரசர், குற்றவாளிகள், அடிமைகள் எனப் பல திறத்தார் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். ஆங்கிலேயர் காலத்தில் அவர்களின் மரபினர் ‘சிலோன் றைபிள்ஸ்’ படையிற் சேவித்தனர். அப்படை 1873இற் கலைக்கப்பட்டபின் அவர்களுட் பலர் பொலிஸ் சேவையிற் சேர்ந்து நகரத்திலேயே தங்கினர். மலாய் மொழியில் ‘லாப்பிஸ்’ என்றால் அடுக்கு. அடுக்கடுக்காக ஊற்றி அவிக்கும் பலகாரங்கள் மலாய் அடுக்களையின் தனிச்சிறப்பு. தேங்காய்ப்பால் சேர்த்துக் காய்ச்சிய அகரை ஊற்றிவைத்தால், பாலின் கொழுப்பு மேலெழுந்து தெளிவும் வெண்மையுமாக இரு படைகள் தாமாகவே அமைவதும் அவர்கள் அறிந்த ஒன்றே. வட்டலப்பம் மலாயர் வழியாக வந்ததென்று பொதுவாகக் கருதப்படுகிறது. இவற்றை ஒருங்கே வைத்து நோக்கின், கஞ்சியாய்க் கிடந்த உள்ளூர்ப் பாசிக்கு அடுக்கும் அழகும் கொடுத்ததில் மலாயர்க்கும் பங்கு உண்டென்று கருத இடமுண்டு. சோனகர் வீடுகள் அதனை நோன்பு திறக்கும் வேளைக்கு உரியதாக்கின. பாக்குநீரிணைக்கு அப்பாற் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கடற்பாசி என்னும் பெயரோடு அதே பண்டம் அதே வேளையில் உண்ணப்படுவது இத்தொடர்பின் அகலத்தைக் காட்டும்.

இன்னும் கிழக்கே யப்பானிலும் இதற்கு ஒரு கதை உண்டு. 1658இல், கியோத்தோவுக்கு அண்மையிலுள்ள புஷிமியில் விடுதி நடத்திய மினோ தரோசாயெமோன் என்பவர், விருந்தில் மிஞ்சிய பாசிக்களியைப் பனிக்காலத்தில் வெளியே எறிந்தாராம். இரவில் உறைந்தும் பகலில் உருகியும் சில நாளில் அது வற்றி, இலேசான வெண்சருகாயிற்றாம். அதனை மீண்டும் காய்ச்சியபோது முன்னிலும் தூய களி கிடைத்தது என்பது மரபுவழிச் செய்தி. கதை எவ்வாறாயினும் அதன் உட்பொருள் அறிவியலுக்கு ஒத்ததே. களி உறையும்போது நீர் பனிக்கட்டியாகப் பிரிகிறது. உருகி வடியும்போது நிறத்தையும் உப்பையும் கடல்மணத்தையும் உடன்கொண்டு செல்கிறது. எஞ்சுவது தூய அகர். பனியில்லாக் கற்பிட்டியில் வெயிலும் நன்னீரும் செய்த வேலையை யப்பானிற் பனி செய்தது. அத்தொழில் பெருகியபின் யப்பானியக் கீற்று ஆசியச் சந்தைகளை நிறைத்தது. ‘சைனா கிராஸ்’ என்னும் பெயரால் இந்தியாவிலும் இலங்கையிலும் பரவியது. தன் களப்பிலேயே பாசி வளரும் நாடு, பிறநாட்டுக் கீற்றை விலைகொடுத்து வாங்கத் தொடங்கியது.

ஆங்கிலேயர் கொண்டுவந்த ‘ஜெலி’ வேறு குலத்தைச் சேர்ந்தது. விலங்குகளின் தோலையும் எலும்பையும் நெடுநேரம் காய்ச்சி எடுக்கும் ஜெலற்றினே அதன் உயிர். முற்காலத்தில் அது செல்வர் வீட்டுப் பண்டம்; எலும்பைக் காய்ச்சவும் தெளியவைக்கவும் பல ஏவலர் வேண்டும். அமெரிக்காவில் பீற்றர் கூப்பர் 1845இல் ஜெலற்றின் மாவுக்கு உரிமம் பெற்றார். 1897இல் நியூயோர்க் மாநிலத்து லீரோய் என்னும் ஊரிற் பெர்ல் வெயிற் என்பவர் அதனோடு சீனியும் நிறமும் மணமும் கலந்து ‘ஜெல்-ஓ’ என்று பெயரிட்டார். இரண்டாண்டு கழித்து 450 டொலருக்கு அவர் விற்றுவிட்ட அவ்வுரிமை, வாங்கியவர்க்குப் பெருஞ்செல்வம் ஈட்டித் தந்தது.

ஆயினும் வெப்பநாட்டில் ஜெலற்றினுக்கு ஒரு குறை உண்டு. 35 பாகைக்குக் கீழான வெப்பத்திலேயே அது இளகிவிடும். கொழும்பின் நண்பகல் வெப்பம் 30 பாகையை அடுத்து நிற்பது. ஆகவே பனிக்கட்டி இல்லாமல் ஜெலற்றின் ஜெலி நிற்பதில்லை. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைக் காப்பதற்கென்றே சென்னைக் கடற்கரையில் 1842இல் ‘ஐஸ் ஹவுஸ்’ கட்டப்பட்டது. அத்தகைய வசதி உடையார்க்கே அக்காலத்தில் ஜெலி உரியது. கடற்பாசியின் இயல்போ வேறு. அது ஏறத்தாழ 85 பாகையில் உருகும்; ஆறும்போது 40 பாகைக்குக் கீழ் வந்தபின்னரே உறையும். உறைந்தபின் மீண்டும் 85 பாகைக்குச் சூடேற்றினாலன்றி இளகாது. எனவே பனிக்கட்டியும் குளிர்ப்பெட்டியும் இன்றி, மேசைமேல் வைத்த மாத்திரத்தில் அது கொழும்பின் காற்றிலேயே உறைந்து நிற்கும். போறணையும் வேண்டாம், பனியும் வேண்டாம்.

இந்த இயல்பு அடுக்களையோடு நின்றுவிடவில்லை. ஜேர்மனியில் ரொபர்ட் கொக்கின் ஆய்வுகூடத்தில் நோய்க்கிருமிகளை ஜெலற்றின்மீது வளர்த்துவந்தனர். கோடையில் அது உருகியது. சில கிருமிகள் அதனையே தின்று நீராக்கின. அங்கு 1881இற் பணிபுரிந்த வால்தர் ஹெசேயின் மனைவி ஃபனி ஹெசே, தம் வீட்டு ஜெலி கோடையிலும் கெடாது நிற்பதற்குக் காரணம் அகர் என்று கணவருக்கு எடுத்துரைத்தார். நியூயோர்க்கிற் பிறந்த அவர், யாவாவில் வாழ்ந்து வந்த ஒல்லாந்த அயலாரிடம் அதனைக் கற்றிருந்தார். 1882இற் கொக் வெளியிட்ட காசநோய் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையில் அகர் குறிக்கப்பட்டது. ஆலோசனை கூறிய பெண்ணின் பெயர் குறிக்கப்படவில்லை. இன்றும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் சளியையும் இரத்தத்தையும் சோதிக்கக் கிருமி வளர்க்கும் தட்டில் இருப்பது கடற்பாசியே. யாவாவின் அடுக்களை அறிவு கொழும்பு வீட்டுத் தட்டுக்கும் கொக்கின் ஆய்வுகூடத்துக்கும் ஒருங்கே பயன்பட்டது எனலாம்.

வீட்டிற் செய்யும் முறையை நோக்கினால் அவ்வியல்பே ஒவ்வொரு படியையும் ஆள்வது தெரியவரும். 10 கிராம் கீற்றைச் சிறு துண்டுகளாக்கி அரைமணி நேரம் நீரில் ஊறவைப்பர். ஊறியதைப் பிழிந்து, நான்கு கோப்பை நீரில் இட்டு, இளந்தீயில் துழாவிக் காய்ச்சுவர். நார் ஒன்றும் எஞ்சாது கரைதல் வேண்டும். கரையாத நார் பின்னர் பல்லிற் படும். மெல்லிய துணியில் வடித்து இரண்டு பாத்திரங்களிற் பகிர்வர். ஒன்றில் அரை ரின்பாலைச் சிறிது சூடாக்கிச் சேர்ப்பர். குளிர்ந்த பாலை ஊற்றினால் அகர் பட்ட இடத்திலேயே உறைந்து திரிதிரியாகும். மற்றையதிற் சீனியும் நிறமும் றோஸ் சிரப்பும் சேர்ப்பர். தேசிப்புளி விட விரும்புவோர் அடுப்பிலிருந்து இறக்கியபின்னரே விடுவர். புளியோடு கொதித்தால் அகரின் உறுதி குலையும்.

நீரில் நனைத்த தட்டிற் பாற்படையை முதலில் ஊற்றி ஆறவிடுவர். அடுத்த படையை ஊற்றும் காலமே நுட்பமானது. முதற்படை உறையுமுன் ஊற்றினால் இரண்டும் கலந்துவிடும். முற்றும் ஆறி நெடுநேரம் கழிந்தபின் ஊற்றினால், அதன் மேல் நீர் கசிந்து நிற்பதால் மேற்படை ஒட்டாது, வெட்டும்போது வழுக்கிப் பிரியும். விரலால் தொட்டால் ஒட்டியும் ஒட்டாமலும், உள்ளே வெதுவெதுப்பு மாறாமலும் இருக்கும் பதமே ஏற்றது. அதுவரை மற்றைய பாத்திரத்தை உறையாமல் வெந்நீரில் வைத்திருப்பர். பின்னர் அகப்பையின் முதுகின்மேல் மெல்ல ஊற்றினால் கீழ்ப்படை குழிவதில்லை. கீழ்ப்படை 85 பாகைக்குக் குறைந்த சூட்டில் உருகாது என்பதால், வெதுவெதுப்பான மேற்படையை அச்சமின்றி ஊற்றலாம். ஜெலற்றினிலோ ஒவ்வொரு படையையும் குளிர்ப்பெட்டியில் வைத்தெடுத்தே அடுத்ததை ஊற்ற வேண்டும். மேலும், பச்சை அன்னாசியும் பப்பாசியும் ஜெலற்றினைக் கரைத்துவிடும். அப்பழங்களில் உள்ள நொதியம் புரதத்தைச் சிதைப்பதே காரணம். அகர் புரதமன்று, மாப்பொருளின் இனம். ஆகவே அந்த நொதியம் அதனை ஒன்றும் செய்வதில்லை.

அகரைத் தெரிந்துகொள்வதற்கு வெப்பம் மட்டும் காரணமன்று. ஜெலற்றின் மாட்டினின்றும் பன்றியினின்றும் எடுக்கப்படுவது. எந்த விலங்கு, எவ்வாறு அறுக்கப்பட்டது என்று தெரியாத ஜெலற்றினை முஸ்லிம் வீடுகள் ஏற்பதில்லை. சைவ உணவு உண்போர் எந்த ஜெலற்றினையும் தொடுவதில்லை. கடற்பாசியோ கடலிற் பிறந்த செடி. நோன்பு நாளில் அயல்வீட்டுக்கு மூடிய தட்டிற் போகும் கடற்பாசியைத் தமிழரும் சிங்களவரும் வினாவின்றி வாங்கி உண்ணலாம்; தைப்பொங்கலுக்குத் தமிழர் வீட்டிலிருந்து வரும் கடற்பாசியை முஸ்லிம்களும் அவ்வாறே உண்ணலாம். ஒருவர் தட்டை மற்றவர் ஐயமின்றி ஏற்கும் பண்டங்கள் ஒரு பல்லின நகரத்துக்குச் சிறிய சொத்தல்ல. கொழும்பு தன் அயலவரை அஞ்சிய ஆண்டுகளையும் கண்டது. 1958, 1983 ஆகிய ஆண்டுகளின் நினைவு இந்நகரில் இன்னும் அழியவில்லை. தட்டுகள் வீதியைக் கடப்பது நின்ற நாள்களும் இருந்தன. மீண்டும் கடந்த நாள்களும் இருந்தன.

காலப்போக்கில் அடுக்கின் உருவமும் விரிந்தது. கேல் போர்டன் 1856இல் உரிமம் பெற்ற கட்டிப்பால், பசும்பால் நிலைத்து நில்லாத வெப்பநாடுகளில் ரின்பாலாக வந்து பாற்படைக்கு இனிமையும் திண்மையும் தந்தது. 1874இல் ரஷ்ய இளவரசி மரியாவின் திருமணத்தையொட்டி இலண்டனிற் பீக் ஃபிறீன் நிறுவனம் செய்த ‘மாரி’ பிஸ்கற், நொறுக்கி வெண்ணெயோடு பிசைந்தால் போறணையின்றியே அடித்தளமாகும் என்று கண்டனர். பிஸ்கற்றுத் தளம், தேசிப்புளி கலந்த பாற்படை, செந்நிற ஜெலி ஆகிய மூன்றும் சேர்ந்த துண்டு அவுஸ்திரேலிய, நியூசிலாந்து வீடுகளிற் பெயர்பெற்றது. கொழும்பின் பறங்கியர் பலரும், பின்னர் தமிழர் பலரும் குடியேறிய நாடு அவுஸ்திரேலியா. அங்கு ஜெலற்றினாற் செய்யப்படும் அத்துண்டை இங்கே கடற்பாசியாற் செய்வது எளிது. அளவை மட்டும் குறைத்தல் வேண்டும். அகர் ஜெலற்றினிலும் வலியது. மிகுந்தால் துண்டு வாயிற் கரையாது முறியும்.

இறக்குமதி இறுகிய காலங்களில் இப்பண்டத்தின் பலமும் பலவீனமும் ஒருங்கே வெளிப்பட்டன. 1941 டிசெம்பரில் யப்பான் போரில் இறங்கியதும் உலகின் அகர் வரத்து நின்றது. மருத்துவமனைகளின் தேவைக்காகப் பிரித்தானியாவும் நியூசிலாந்தும் தத்தம் கடற்கரைகளிற் பாசி தேடின. இந்தியாவிலும் 1943 அளவில் உள்ளூர்ப் பாசியிலிருந்து அகர் எடுக்கும் ஆய்வு வெளிவந்தது. இலங்கைக் கடற்பாசிகளைத் தொகுத்தாய்ந்த துரைரத்தினத்தின் நூல் 1961இல் மீன்பிடி ஆராய்ச்சி நிலைய வெளியீடாக வந்தது. 1970 முதல் 1977 வரை நாட்டில் வெளிநாட்டுப் பொருள்கள் அரிதாயிருந்தபோது கடைகளிலே பிறநாட்டுக் கீற்றும் அரிதாயிற்று. களப்பிலோ பாசி எப்போதும்போல் வளர்ந்துகொண்டுதானிருந்தது.

உள்ளூர்ப் பாசி சந்தையில் தோற்றதற்கு ஒரு காரணம் வேதியியலிலும் உண்டு. கிரசிலாரியாவின் அகரிற் கந்தகக் கூறு மிகுதி. அதனால் அதன் களி மென்மையானது. காரநீரிற் பதப்படுத்தினால் அக்கூறு நீங்கி உறுதி கூடும். அம்முறை அறியப்பட்டபின் இன்று உலகின் அகரிற் பெரும்பகுதி கிரசிலாரியாவிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஆயினும் பாசியைப் பிடுங்கி விற்பதோடு நிற்கும் கரை, களப்பின் வளத்தையும் இழக்கும். வருவாயிலும் சிறுபங்கே பெறும். மன்னார் வளைகுடாவின் மறுகரையில், இராமேசுவரம் தீவைச் சூழ்ந்த ஊர்களிற் பெண்கள் மூழ்கிப் பாசி எடுத்து வாழ்ந்துவருகின்றனர். அவர்கள் கைக்கு வருவது உலர்ந்த பாசியின் விலையே, அகரின் விலையன்று. வடபகுதியிற் பூநகரி சார்ந்த கரைகளில் இந்நூற்றாண்டில் தொடங்கிய கப்பாஃபைக்கஸ் வளர்ப்பும் கராஜீனன் என்னும் வேறு பசைக்காக ஏற்றுமதியாகும் மூலப்பொருளே.

இன்று கடையில் வாங்கும் இனிப்புப் பொதியின் சிறு எழுத்துகளில் 406 என்னும் எண்ணைக் கண்டால் அது அகர் என்று அறியலாம். துறைமுகத்தில் இறங்கி ஒருகொடவத்தை முற்றத்திற் சோதிக்கப்படும் கொள்கலன்களுள் ஒன்றில் அந்த எண் தாங்கிய மூட்டைகள் இருக்கக்கூடும். அம்முற்றத்திலிருந்து கற்பிட்டிக் களப்பு ஒரு பகற்பொழுதின் பயணத் தூரமே. இந்தச் சிறு தூரத்தை ஒரு பண்டம் யாவாவையும் யப்பானையும் சுற்றிக் கடந்து வந்தது. நாட்டுப் பாசியைக் காரநீரிற் பதப்படுத்தி, உறுதியான கீற்றாக்கி, கற்பிட்டியின் பெயராலேயே கொழும்புக் கடைகளில் விற்கும் நாள் வருமாயின், அப்பயணம் நேர்வழியாகும். பாசி திரட்டும் கைகளுக்கும் உரிய பங்கு சேரும்.